பேஸ்மட்டம்

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்று
பதினோரு வருஷமாக
மற்றவர்கள் வீட்டைப் பிரதி எடுக்கிறேன்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
கூடம், சமையலறை, மாடிப்படி,
எல்லாம் சூடாக வந்து கையில் விழும்.
இரண்டு கார் நிறுத்த இடம் வரைந்தவரிடம்
சில்லறை இருக்காது.

என் வரைபடத்தை
அதே கண்ணாடிமேல் கவிழ்த்த அன்று
மூடியை அழுத்தப் பயமாக இருந்தது.
முதலாளி காசு வேண்டாம் என்றார்.
பக்கத்தை எண்ணிக் கல்லாவில் போட்டேன்.

கோண்டூரில் இரண்டே முக்கால் சென்ட்.
கிழக்கே பாவாடை மகன் கலியபெருமாள் மனை,
மேற்கே ரஹ்மத்பீ மனை,
வடக்கே இருபதடிப் பாதை,
தெற்கே வாய்க்கால்.

மூன்று முறை திரும்பி வந்தது மனு.
வாய்க்காலுக்குத் தடையின்மைச் சான்று இல்லை.
சான்று வாங்கினேன், தேதி தாண்டிவிட்டது.
அப்புறம் என் பெயர்.
பட்டாவில் அஞ்சலாச்சி,
ஆதாரில் அஞ்சலாட்சி.
இருவரும் ஒருத்தியே என்று
இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
சத்தியம் செய்து கொடுத்தேன்.

எஞ்சினியர் தேவசகாயம்
சுவருக்கு வெளியே சுற்றிலும்
பென்சிலால் கோடு கிழித்தார்.
“இந்த மூணடி யாருக்கு சார்?”
“யாருக்கும் இல்லம்மா. காத்துக்கு.”
படுத்தால் கால் கதவை இடிக்கும் அறைக்கு
மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பவள் நான்.
யாருக்கும் இல்லாத மூன்றடியை
இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

இடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர்
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
காட்டாமணக்கை விலக்கி
வாய்க்காலை எட்டிப் பார்த்தார்.
“பதினஞ்சு வெள்ளத்துல
இங்க எவ்வளவு நின்னுச்சு?”

மீட்டரில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
அப்போது இதே தெருக் கடைசியில் குடியிருந்தோம்.
பையன் தோளில்.
அவன் நோட்டுகள் என் தலையில்.
காலி சிலிண்டர் ஒன்று
விலாவில் இடித்துவிட்டுப்
பாட்டுக்கு மிதந்து போனது.
இடுப்பில் கை வைத்தேன்.
“இதோ. இதுவரைக்கும்.”

டேப்பின் நுனியைச் செருப்பருகே விட்டார்.
“மேல நீங்களே பிடிச்சுக்கங்க.”
பிடித்தேன்.
தூரத்தில் நின்றபடி குனிந்து படித்தார்:
தொண்ணூற்றிரண்டு.
“ஒரு மீட்டரா ஏத்திடுங்க” என்று
ஃபைல்மேல் வைத்து எழுதினார்.
மழை பெய்யவில்லை அன்று.
ஆனாலும் எனக்குக் கால் சில்லிட்டது.

அனுமதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கையெழுத்துக்குப் பதில்
கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு.
கடையிலேயே நான்கு பிரதி எடுத்தேன்.
வரிசையில் நின்றவர்
“சீக்கிரம் விடும்மா” என்றார்.

கோலமாவுப் பொட்டலத்தோடு
மேஸ்திரி வந்தார் மனைக்கு.
“பேஸ்மட்டம் எவ்ளோக்கா?”
வரைபடம் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
மண்ணில் காலை அகட்டி நின்று
இடுப்புக்கு மேல்
நான்கு விரல் வைத்துக் காட்டினேன்.