இதர காரணங்கள்

கொடுங்கையூர். இரவு ஷிப்ட்.
வாயுக்கலத்தின் கூரை
நேற்றைவிட ஒரு முழம் தாழ்ந்திருக்கிறது.
மீட்டரைப் பார்க்கும் முன்பே
கேஸ் என்ஜின் சொல்லிவிட்டது,
இருமி இருமி நின்று.

"நாலாம் தொட்டிக்கு வவுறு சரியில்ல மேடம்"
என்கிறார் துளசிங்கம்.
பதினாறு வருஷமாய்ச் சேற்றின் ஏப்பத்தை
மூக்கால் அளப்பவர்.

சொட்டுச் சொட்டாய்ச் சோதிக்கிறேன்.
அமிலம் ஏறிக்கிடக்கிறது.
அதைச் சமைப்பவை மும்முரமாகத்தான் இருக்கின்றன;
உண்டு வாயு விடுபவைதான்
பாதியில் இலையை விட்டு எழுந்துவிட்டன.

காற்றுப் பட்டால் சாகிற உயிர்கள்.
பூமியில் மூச்சு என்று ஒன்று வரும் முன்பே
இருட்டில் பசியாறப் பழகியவை.
பெரம்பூரும் வியாசர்பாடியும் எதை அனுப்பினாலும்
முகம் சுளித்ததில்லை:
மீன் கழுவிய நீர், வடை சுட்ட எண்ணெய்,
கல்யாண மறுநாள் பிரியாணி.

இப்போது கூடவே வருகின்றன
முட்டிவலி மாத்திரை,
நாள் தள்ளிப்போட விழுங்கியது,
கிருமி கொல்லும் சோப்பின் நுரை,
பாலியஸ்டர் சேலையிலிருந்து கழன்ற
கண்ணுக்குச் சிக்காத இழை.
எதற்கும் எங்கள் பதிவேட்டில் கட்டமில்லை.
வெப்பம், பி.எச்., அமிலம், வாயு.
கடைசியில் அரை விரல் அகலத்தில்
இதர காரணங்கள்.

துளசிங்கம் சுண்ணாம்பு கரைக்கிறார்.
அவரிடம் சொல்லவில்லை:

போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது.
மூலக்கடை மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை,
ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள்.
மூன்றாம் நாள் வலி நின்றது.
மிச்சம் நான்கை
கழிப்பறையில் போட்டு ஒரு வாளி ஊற்றினேன்.
என் வீடு எருக்கஞ்சேரி.
குழாய் இங்கேதான் வருகிறது.

நான்கு மாத்திரை ஒரு தொட்டியைக் கவிழ்க்காது.
கணக்கு தெரியும்; அதற்குத்தான் சம்பளம்.
ஆனால் எங்கள் தெருவில் மட்டும்
எத்தனை கடைவாய்ப் பல்.

சாகாமல் தப்பியவை
அந்த மருந்தை இந்நேரம்
மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.
காய்ந்த சேற்றோடு லாரி ஏறும்.
எந்த வயலுக்கு என்று
லாரிக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

மூன்று மணிக்கு என்ஜினை மறுபடி முடுக்கினோம்.
பிடிக்கவில்லை.
மின்வாரியக் கரண்டுக்கு மாற்றிவிட்டு
அந்த அரை விரல் கட்டத்தில்
ஒரு டிக் அடித்துக் கையெழுத்திட்டேன்.

நாக்கு தன்பாட்டில் போய்
அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.
வலி இல்லை.