பதினோராம் நாள் ஊசி

மார்சேயில் முப்பத்தோரு வருஷம்
குப்பை லாரியின் பின்படியில் நின்றவன் நான்,
ஆஞ்ச் ஃபிலிப்பி. சங்கச் செயலாளரும்கூட.
ஒருமுறை பதினெட்டு நாள் வேலைநிறுத்தம்.
மீன்தலை, டயப்பர், கிழிந்த மெத்தை
முதல் மாடிச் சன்னலைத் தொட்டன.
பன்னிரண்டாம் நாள்
எலிகள் பகலிலேயே நடைபழகின.
பதினெட்டாம் நாள் நகராட்சி கையெழுத்திட்டது.

இப்போது என் எலும்புக்குள்
பித்துப்பிடித்த செல்கள் சில
ராப்பகலாகப் புரதம் சுடுகின்றன,
பாதி கோணல்.
கோணலின் முதுகில் ஒரு சீட்டு விழும்.
சீட்டோடு சீட்டு, நான்கு சேர்ந்தால் தீர்ப்பு.
அப்புறம் ஒரு பீப்பாய்.
சீட்டுகளை வாசலிலேயே பிய்த்து
அடுத்ததற்கென்று வைத்துக்கொண்டு,
முடிச்சவிழ்த்து நூலாக உள்ளிழுத்து
நறுக்கி நறுக்கித் தள்ளும்.
நாளைக்குப் பிசையும் மாவு
அந்தத் துண்டுகள்தான்.

இதைச் சொன்னவள் நர்ஸ் மொய்னேஷா.
"பீப்பாய்க்குள் இருக்கும் கத்தியை
இந்த மருந்து இறுகப் பிடித்துக்கொள்ளும்."
அவ்வளவுதானா?
"அவ்வளவுதான். அதிகம் சுடுகிறவனிடம்
குப்பையும் அதிகம்.
தன் குப்பையிலேயே மூச்சுமுட்டிச் சாவான்."
பிறகு, சிரிஞ்சைத் தட்டியபடி:
"அந்தப் பதினெட்டு நாளும்
உங்களைத் திட்டிக்கொண்டேதான்
மூக்கைப் பொத்திப் பள்ளிக்கூடம் போனேன்."

தொப்புளருகே ஊசி இறங்கும்போது
சிரிப்பு வந்துவிட்டது, அசையாதீர்கள் என்றாள்.
அறுபத்தெட்டில் மறுபடி ஒரு வேலைநிறுத்தம்.
கோரிக்கை ஒன்றே ஒன்று.

ஆனால் வேலைநிறுத்தம் கதவிலக்கம் பார்ப்பதில்லை.
அன்றைக்கு எங்கள் தெருவும்தான் நாறியது;
சன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகிவிட்டு
சவேரியா என்னோடு நான்கு நாள் பேசவில்லை.
இன்றைக்கு என் கால்விரல்கள் பேசவில்லை.
எறும்பு ஊர்கிறது, பிறகு அதுவும் இல்லை.
முதல் நாள், நான்காம் நாள், எட்டு, பதினொன்று;
அப்புறம் பத்து நாள் ஓய்வு.
அதற்குள் நல்ல செல்கள்
புதுப் பீப்பாய் செய்துகொள்ளுமாம்.
கெட்டதுகளுக்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டா
என்று கேட்டேன்.
சில சமயம், என்றாள்.
பொய் சொல்லத் தெரியாத பெண்.

விடியற்காலை நாலரைக்கு லாரிச் சத்தம்.
யாரோ புதுப்பையன்;
படியேறியதும் இரண்டு தட்டு தட்ட
மறந்துவிட்டான்.
அடுத்த முனையில் நினைவு வந்து தட்டினான்.

காலில் செருப்பு இருக்கிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டேன்.
இருந்தது.
சமையலறைப் பையை முடிச்சுப் போட்டு எடுத்து
கைப்பிடிச்சுவரைப் பற்றியபடி
கீழே இறங்கினேன்.