பின்சட்டம்

கடல் தெரியாது எங்கள் வீட்டிலிருந்து.
ஆலையின் புகைபோக்கி தெரியும்.
காற்று திரும்பினால் காகிதக் கூழின் வாடை வரும்.
ஆனாலும் மெரபேங்கில் எதைக் கழற்றினாலும்
உள்ளே உப்பு உட்கார்ந்திருக்கிறது,
வாடகை தராத உறவுக்காரன் போல.

மூன்று மாதமாய் வளைவில் திரும்பும்போதெல்லாம்
பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள்.
வெள்ளி மாலை திறக்கலாம் என்று முடிவெடுத்தேன்.
முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து,
பின்பக்கத்தைத் தூக்கிக் குத்துக்கால்களில் நிறுத்தி,
தோளால் ஓர் இடி இடித்துப் பார்த்தேன்.
அசைந்தால் இப்போதே அசையட்டும்,
நான் கீழே படுத்த பிறகு வேண்டாம்.

சைலன்சர். ஷாஃப்ட். கைபிரேக் கேபிள்.
பிரேக் குழாயிலிருந்து ஒரு சொட்டு வாயில் விழுந்தது.
இரவு முழுக்கத் துப்பினேன்.
கழற்றிய ஒவ்வொன்றும் மஃபின் தட்டின் குழியில்:
இடம் முன், இடம் பின், வலம் முன்.

வலம் பின் வரவில்லை.
எண்ணெய் விட்டேன், ஒரு டீ குடித்தேன்,
இன்னும் விட்டேன், இன்னொரு டீ.
எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று, அட்டவணைப்படி.
அடுத்த வீட்டு சிஃபோ ஒரு டார்ச்சை
மதில்மேல் வைத்துவிட்டுப் போனான்.
நான் கேட்கவில்லை.
என்ன செய்கிறாய் என்று அவனும் கேட்கவில்லை.
ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயை மாட்டி
இரண்டு காலாலும் உதைத்தேன்.
அந்தச் சத்தத்தில் தெருநாய்கள் எல்லாம்
ஒரே சமயத்தில் எதையோ ஒப்புக்கொண்டன.

ஜாக்கியைத் தளர்த்தத் தளர்த்த
சட்டம் இறங்கி என் முகத்துக்கு நேரே வந்தது.
அப்போதுதான் பார்த்தேன்.
கறுப்புப் பூச்சு. தடிப்பாக. புதிதாக.
கம்பித் தூரிகை போட்டேன்.
பூச்சுக்கு அடியில் ஒரு தகடு,
தகட்டைச் சுற்றி வெல்டிங் தழும்பு,
தகட்டுக்கு அடியில்
ஒன்றுமில்லை.
ஆட்காட்டி விரல் உள்ளே போயிற்று.

இருபத்தெட்டாயிரம் ராண்ட்.
"உனக்குங்கறதால இந்த விலைக்கா."

சனிக்கிழமை ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு யார்டில்
வேறொரு சட்டம் கிடைத்தது.
ரப்பர் புஷ்களைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி
நீளமான போல்டு, இரும்புக் குழாய்த் துண்டு, கெட்ட வார்த்தை
மூன்றையும் வைத்து உள்ளே இழுத்தேன்.
ஏற்றினேன். ஒற்றை ஆளாய்.
அரை இஞ்சு ஏற்று, தவழ்ந்து போய்ப் பார்,
கால் இஞ்சு இறக்கு, தவழ்ந்து போய்ப் பார்.

ஆனால் பிரேக்கில் காற்று.
மிதியிலும் நிப்பிளிலும் ஒரே நேரத்தில்
ஒருத்தி இருக்க முடியாது.
சிஃபோ ஷிஃப்டுக்குப் போயிருந்தான்.
கோகிலனைக் கூப்பிட்டேன்.

பீன்ஸ் பன்னி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தான்.
மதிலோரம் சாய்த்திருந்தேன் பழைய சட்டத்தை,
பூச்சு இல்லாமல்.
பார்த்தான்.
அவன் பார்த்ததைப் பார்த்தேன்.
பேசாமல் ஏறி உட்கார்ந்தான்.

அமுக்கு.
அமுக்கிட்டேன்.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
ஜாடிக்குள் குமிழ்கள்.
விடு.

நாற்பது தடவை இருக்கும்.
நடுவில் ஒருமுறை, "அக்கா, அந்தப் பெயிண்ட்டு..."
"காலை எடுக்காதே," என்றேன்.
நிப்பிள் திறந்திருந்தது.
காலை எடுத்தால் வெளியே போனதெல்லாம்
திரும்ப உள்ளே வந்துவிடும்.

வண்டியை இறக்கிச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றினோம்.
ஆர்ம் போல்டுகளை அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக்கூடாது.
இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு,
ஒரு வருஷத்தில் கிழியும்.
பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

"பின்சீட்டில் உட்கார்."
"எதுக்கு?"
"நீ தொண்ணூறு கிலோ."
உட்கார்ந்தான். வண்டி சற்றே தாழ்ந்தது.
கீழே புகுந்தேன்.
என் மூக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்
அவன் எடை முழுவதும்.
டார்க் ரெஞ்ச் கிளிக் என்றது.

"முடிஞ்சுதா?" என்றான் மேலிருந்து.

இன்னும் ஒரு பக்கம் இருக்கு.
அப்படியே இரு.