சய ஆறு

கோட்டத்திலிருந்து வந்தவர்
வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு
"நல்ல கட்டுப்பாடு" என்று எழுதிப் போனார்.
அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நிற்கையிலும்
ஒருதரம் நினைத்துக்கொண்டேன்.

கருப்பட்டமுறிப்பு. தரம் ஒன்பது. பத்தொன்பது பேர்.
தகரத்தில் குரங்கு ஓடினாலும் நிமிராத தலைகள்.
நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன்:
அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டு.
"விளங்கிச்சோ?" அது கேள்வி அல்ல.
"ஓம் ரீச்சர்." அது பதிலும் அல்ல.

இரவு கொப்பி திருத்தினேன்.
முதலாவதில் அடைப்பு நீக்கியது பிழை. வெட்டினேன்.
இரண்டாவதிலும் அதே பிழை. வெட்டினேன்.
ஐந்தாவதில் கோபம் வந்தது.
ஒன்பதாவதில்தான் கை நின்றது.
சயவும் சயவும் பெருகினால் சக,
ஆறு வருடமாக நானே படிப்பிக்கிறேன்.
சக ஆறு வரவேண்டிய இடத்தில்
பத்தொன்பது கொப்பியிலும் சய ஆறு,
கரும்பலகையில் நான் எழுதியபடியே,
என் ஆறின் வளைந்த வால்கூட அப்படியே.

யதுகுலனின் கொப்பியில் மட்டும்
அந்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பென்சிலால் ஒரு சக போட்டு,
அழிறப்பரால் தேய்த்து,
மேலே என் பிழையை மையால் எழுதியிருந்தான்.

"தெரிஞ்சதே உனக்கு?"
"ஓம் ரீச்சர்."
"பிறகேன் சொல்லேல்ல?"
அவன் விடியப்புறம் பால் கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.
ஏழரை லீற்றரை அங்கே ஏழு என்று எழுதுவார்களாம்.
அம்மா சொல்லியிருக்கிறா:
எழுதிறவரோட கதைக்கக் கூடாது,
நாளைக்கும் பால் குடுக்க வேணும்.

எழுதிறவ.
சிவப்புப் பேனை அப்போதும் என் கையில்தான் இருந்தது.

அடிமட்டத்தை லாச்சிக்குள் போட்டேன்.
அதே கணக்கை, அதே பிழையோடு, பெரிதாக எழுதி
"நான் எதில பிழை விட்டனான்?" என்றேன்.
ஒருவரும் இல்லை.
குளக்கட்டால் போன உழவு இயந்திரத்தின் சத்தம்
முழுக்கத் தேயும்வரை நின்றேன்.
அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது
படிப்பிக்கிறவளுக்குச் சும்மா வேலையில்லை.
கடைசியில் தர்மிகா:
"ரீச்சர், அதை விடுங்கோ,
உங்கட மூண்டு எப்பவும் எட்டு மாதிரித்தான்."
வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.
கை தன்பாட்டில் லாச்சிக்குப் போனது.
போய், வெண்கட்டியோடு திரும்பி வந்தது.

இப்போது ஒரே சத்தம்.
அதிபர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
தவணைப் பரீட்சையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை,
மூன்று பேர் கூடச் சித்தி,
தர்மிகாவுக்கு நாலு புள்ளி குறைவு.
யன்னலோரம் இருக்கும் கீர்த்திகன்
இன்னும் ஒரு சொல் பேசவில்லை.
அவனுக்கு வேறு கதை இருக்கலாம்,
அதைக் கேட்கும் விதம் எனக்குத் தெரியவில்லை.

நேற்று யதுகுலன் எழும்பினான்.
கை உயர்த்தாமல், நேராக:
"ரீச்சர், மூண்டாம் வரி பிழை."
பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.
வரி சரி.
அவன்தான் பிழை.
மற்றப் பதினெட்டுப் பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.
"வா," என்றேன், வெண்கட்டியை நீட்டி,
"எங்கை எண்டு காட்டு."

வந்துகொண்டிருக்கிறான்.
கடைசி வாங்கிலிருந்து பலகைக்குப்
பதினைந்து அடி இருக்கும்.
அதற்குள் நான்
ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும்.