ஆடிக் காற்றில் ஒரு விரல்

ஒரு விரல் என்றால் போனஸ்.
இரண்டு என்றால் வலது கார்னரைத் தொடு.
மூடிய கை என்றால்
முப்பது நொடியும் பாடிவிட்டு முழுசாய் வா.
சித்திரையிலிருந்து பதினொரு ஆட்டம்,
ஒவ்வொரு ரெய்டும் என் கையிலிருந்துதான் கிளம்பியது.

பணகுடிக்குப் போகிற வேனில் கோயில்பிச்சை கேட்டான்:
"ரெய்டை எங்கிட்ட விடும் வே.
நீரு ஏழு பேரையும் பாரும்."
உலை வைத்தவன்தான் உப்பும் போடணும்,
ரெண்டு கை போட்டால் கரிக்கும் என்றேன்.
அவன் ஸ்கோர் நோட்டைத் திறந்து
பேனாவை உதறினான்.

ஆடி மாசம்.
போட்ட சுண்ணாம்புக் கோட்டில் பாதி
இடைவேளைக்குள் ராதாபுரம் போய்விட்டது.
நான் நின்றது கிழக்குப் பக்கம்;
கத்தின கத்தெல்லாம்
என் முதுகுக்குப் பின்னால் காற்றாலைக்குப் போனது.
விரல்தான் மிச்சம்.

லூர்து எம்பினால் நானும் எம்பினேன்.
அவன் மூச்சடக்கினால் நானும்.
அதனால்
இடது கார்னர் வேல்மயில்
கணுக்காலை முழுசாய் ஊன்றாமல்
ஆறு நிமிஷம் நின்றதை நான் பார்க்கவில்லை.
வள்ளியூர்க்காரன் பார்த்துவிட்டான்.
அந்த மூலைக்கே வந்தான், வந்தான்,
வட்டி கேட்டு வருகிறவன் மாதிரி.
மாற்று ஆள் பெஞ்சில்
துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

டூ ஆர் டை ரெய்டு. ஒரு நிமிஷம் இருபது நொடி.
ஒரு விரல் காட்டினேன்.
மண் எழும்பியது.
லூர்து கண்ணைக் கசக்கி என் கையைத் தேடினான்,
தேடி
விட்டுவிட்டான்.
நான் கனவிலும் சொல்லாத செயினுக்குள் நுழைந்து
இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோட்டில் விழுந்தான்.
என் விரல் ஒன்றையே காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு புள்ளியில் தோற்றோம்.
கடைசி ரெய்டு. அதே இடது மூலை.

"பதினொன்றில் ஒன்பது
ஜெயித்துக் கொடுத்தது இந்தக் கைதானல?"
நாங்குநேரி டோல்கேட் வரை
வேனில் யாரும் பதில் சொல்லவில்லை.
வேல்மயில் காலில் ஐஸ் பை உருகி
என் செருப்பு வரை வந்தது.

சனிக்கிழமை திசையன்விளை.
நோட்டு என்னிடம். விரல் கோயில்பிச்சையிடம்.
ஏழு பேரையும் பார்க்கிறேன்:
வேல்மயில் கட்டுப் போட்ட கால்,
தண்ணீர் கேட்கக் கூச்சப்படும் புதுப் பையனின் உதடு,
கேப்டனுக்கும் கவருக்கும்
காலையிலிருந்து பேச்சில்லை.
இத்தனையும் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

லூர்து கோட்டைத் தாண்டினான்.
கால்சட்டைப் பைக்குள்
என் இரண்டு விரல் தானாய் நிமிர்ந்தது.

கோயில்பிச்சை
மூடிய கையைக் காட்டினான்.