ஐம்பத்தொன்பது பிராங்க்

புதன்கிழமை பின்னேரம் பாடம் இல்லை.
பிள்ளைகள் போய்விட்டார்கள்,
பீல் நகரத்து மழை மட்டும்
ஏழாம் வகுப்பு ஜன்னலில் நின்று எட்டிப் பார்க்கிறது.
மேசையில் இருபத்திரண்டு விடைத்தாள்கள்,
ஆறிப்போன கோப்பி,
ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அச்சடித்த
மதிப்பீட்டுச் சட்டகம்.

கேள்வியை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம்:
நீந்தப் போன கூட்டமொன்று
நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்தது ஐம்பத்தொன்பது பிராங்க்.
பெரியவருக்கு ஏழு, சிறுவருக்கு நாலு.
போனவர்கள் எத்தனை பேர்?

மாதிரித் தாள்கள் நாலு, பெயரை வெட்டி எடுத்தவை.
முதலாம் தரத்து மாதிரி
ஏழையும் நாலையும் கூட்டி, பதினொன்றால் வகுத்து,
ஐந்து, மீதி நாலு,
அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு பூனை வரைந்திருக்கிறது.
நாலாம் தரத்து மாதிரியில் அட்டவணை,
பெரியவர் ஐந்து, சிறுவர் ஆறு,
அடியில் இரட்டைக் கோடு.
செருப்புக் கடையில் கால் அளப்பதுபோல
ஒவ்வொரு தாளையும் இந்த நாலோடும்
வைத்து வைத்துப் பார்க்கிறோம்.

பதினேழாவது, லுவாமின் தாள்.
பெரியவர் ஐந்து, சிறுவர் ஆறு என்று எழுதி
அடிமட்டம் வைத்து நேராக வெட்டியிருக்கிறாள்.
கீழே, தடுமாறும் ஜெர்மனில்:
"ஐந்து பெரியவருக்கு ஒரே நாளில் லீவு கிடைக்காது.
போனது பெரியவர் ஒருவர், பிள்ளைகள் பதின்மூன்று.
எங்கள் கட்டிடத்தில் சனிக்கிழமை அப்படித்தான்."

"சரியான விடையை அவளே வெட்டிவிட்டாள்,
இரண்டு போடுங்கள்" என்றார் சூர்புக்கன்.
கிளேர்-லீஸ் கடித உறையின் முதுகில் கூட்டினாள்.
நாலு பதின்மூன்று ஐம்பத்திரண்டு,
அதோடு ஏழு.
பிறகு பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னாள்,
ஆசிரியர் அறைக்கு ஆகாத சொல்.

ஆறு வருடமாகக் கொடுக்கும் கணக்கு.
விடை இரண்டு என்று
நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

சூர்புக்கன் விடுவதாயில்லை.
மூன்றாவது நிரையைத் தட்டிக் காட்டினார்:
விடை நடைமுறைக்குப் பொருந்துமா?
பதின்மூன்று பிள்ளைகளை ஒருவர் எப்படித் தண்ணீரில் பார்ப்பது?
அவர் கேட்டதில் பிழையில்லை.
யாருடைய நடைமுறைக்கு என்றுதான்
நிரையில் எழுதவில்லை.

என் அப்பாவுக்கு ஹோட்டல் சமையலறையில் இரவு வேலை.
பாடப்புத்தகத்துக் குடும்பங்களுக்கு
எப்போதும் லீவு என்பது
பன்னிரண்டு வயதில் எனக்கும் தெரிந்திருந்தது.
தெரிந்தும் அவர்களுடைய விடையையே எழுதி
ஆறுக்கு ஐந்தரை வாங்கினேன்.
அதை இங்கே சொல்லவில்லை. கோப்பி குடித்தேன்.

"அடுத்த வருடம் ஒரு வசனம் சேர்ப்போம்,
பெரியவர் குறைந்தது இருவர் என்று.
பிரச்சினை முடிந்தது."
முடிந்ததுதான்.
இனி அந்தக் குளத்துக்கு
லுவாமின் கட்டிடத்திலிருந்து யாரும் போக முடியாது.

தமிழில் எண்ணுவதற்கு ஒரே வினைச்சொல்,
விரலாலும் அதுதான், மனதாலும் அதுதான்.
சட்டகத்தில் அதற்கு இரண்டு நிரை.
ஒன்றில் இரண்டு என்கிறார் அவர்,
இன்னொன்றில் நாலு என்கிறாள் இவள்,
நான் மூன்று போட்டால்
மூவரும் ஐந்து மணிப் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நாலு போட்டேன்.
சூர்புக்கன் தோளைக் குலுக்கி
மேல்கோட்டைத் தேடினார்.
குறிப்புரைக்கு இரண்டு சென்டிமீட்டர் இடம்.
நன்று என்று எழுதினால் நிறைந்துவிடும்.
பென்சிலால், பொடி எழுத்தில் கேட்டேன்:
வேறு விடை இல்லையென்று
உனக்கு எப்படித் தெரியும், லுவாம்?
அதற்கு எங்களிடமும் மாதிரி இல்லை.

பதினெட்டாவது தாளை எடுத்தேன்.
ஐந்து, மீதி நாலு.
இந்தத் தடவை பூனை இல்லை,
ஒரு மீன்,
வாயைத் திறந்தபடி.