பாட்டில் எண் முப்பத்தொன்று

கொத்தவால்சாவடியில் மூட்டை பிரித்தால்
தெருமுனைவரை மணக்கும் மாகாளிக் கிழங்கு.
கிலோ என்ன விலை என்பார்கள்.
எந்த மலை என்று கேட்பதில்லை.

கொருக்குப்பேட்டை லேபில்
அதே கொடியின் கணு, நகத்தளவு.
ஸ்பிரிட்டில் கை எரிய எரிய நறுக்கி
ஜெல்லியில் நட்டேன்.
நாற்பது பாட்டில்.
பூஞ்சை தின்றது இருபத்தாறு.
மே மாதம் ஒரே ராத்திரி கரண்ட் போய்
வெந்தது பதின்மூன்று.

மிச்சம் இருந்ததில் வேர் விட்டதை
முதலில் பார்த்தது நானில்லை,
பெருக்க வந்த பெர்பெச்சுவா:
"மேடம், நெத்திலி முள்ளாட்டம்
என்னமோ எறங்கியிருக்கு."

இனிமேல்தான் பயம்.
கண்ணாடிக்குள் பிறந்த இலை,
மேலே மெழுகு கிடையாது,
தூசி தெரியாது.
வெளியே மணலி.

தொட்டிக்கு மாற்றி, பாலித்தீன் உறை மாட்டி
தினம் ஓர் ஊசித்துளை.
ஒன்பதாவதில் துவண்டது.
இரண்டை டேப் ஒட்டி அடைத்தேன்,
திரும்ப ஆரம்பித்தேன்.

இன்று பதினேழு.
காற்று வடக்கிலிருந்து,
அழுகிய முட்டை நாற்றம்.
பெர்பெச்சுவா முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள்.
நான் உறையைக் கழற்றிவிட்டுக்
குனிந்து முகர்ந்து பார்க்கிறேன்.
மாகாளி வாசம் இன்னும் வரவில்லை.
ஈர மண்தான்.
உறையைத் திரும்ப மாட்டவில்லை.